கோழிக்குஞ்சுக்கு ஃபேஜ் மருந்து, ரெண்டு பேட்ச் குடுத்து பார்த்துட்டு எழுதறேன்

குடியாத்தம் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கறேன், ஒரு தடவைக்கு 200 குஞ்சு எடுப்பேன். தையில எடுத்த பேட்ச்ல முதல் வாரமே சாக ஆரம்பிச்சுது, பின்பக்கம் சுண்ணாம்பு அப்பின மாதிரி கழிச்சல் ஒட்டிகினு, றெக்கைய தொங்கப்போட்டு பல்பு கிட்டயே குவிஞ்சு நிக்குது, பார்க்க மனசு தாங்கல. வேலூர்ல தீவனம் வாங்கற கடையில சொன்னதும் "வெள்ளைக்கழிச்சல் தானே, இத குடுங்கண்ணே, ஆன்டிபயாடிக் கூட இல்ல"ன்னு அரை லிட்டர் ஃபேஜ் பாட்டில, அதாவது பாக்டீரியாவை புடிக்கற வைரஸ் கலந்த மருந்தை, எடுத்து வெச்சாரு.

அப்படி சொல்லி விக்கறது பெரிய தப்புங்க. நம்ம பக்கம் வெள்ளைக்கழிச்சல்னா ராணிக்கெட்டு, அது வைரஸ், தடுப்பு மருந்து தான் வழி, ஃபேஜ் அதை ஒண்ணும் பண்ணாது. சின்னக் குஞ்சுல இப்படி கழியறது சால்மோனெல்லா புல்லோரமாவும் இருக்கலாம், அது பாக்டீரியா, தாய்க்கோழி முட்டை வழியாவே வரும். செத்த குஞ்சை ஐஸ்ல வெச்சு லேப்ல குடுத்து, சால்மோனெல்லா தான்னு அஞ்சாம் நாள் சொன்னப்புறம் தான் பாட்டில திறந்தேன், அதுக்குள்ள 43 போச்சு. ஃபேஜுக்குள்ள ஒளி விடற ஜீனை வெச்சு, சாம்பிள்ல சால்மோனெல்லா இருந்தா வெளிச்சம் காட்டற மாதிரி டெஸ்ட் எல்லாம் வெளிநாட்டுல பண்ணியிருக்காங்க, லேப்ல கிருமிய வளர்த்து பார்க்கற கல்ச்சரை விட சீக்கிரம் தெரியுமாம். நமக்கு மொதல்ல வேண்டியது அது தான்.

மருந்து எனக்கு புடிச்சிருக்கு. ஃபேஜ் பாக்டீரியாவை மட்டும் தான் புடிக்கும், அது மேல ஒட்டி உள்ள பூந்து பெருகி உடைச்சுகினு வெளிய வரும், குடல்ல இருக்கற நல்ல கிருமிய அனேகமா தொடாது. புது சரக்கும் இல்ல, 1919லயே டெரெல்னு ஒருத்தர் பிரான்ஸ்ல கோழி டைபாய்டுக்கு குடுத்து பார்த்திருக்காரு, அதுவும் சால்மோனெல்லா வகை தான். ஆனா பிளீச்சிங் போட்ட தண்ணியில கலக்காதீங்க, குளோரின் ஃபேஜையே கொன்னுடும். நான் போர் தண்ணியில கலந்து, காலையில தாகத்தோட இருக்கறப்போ வெச்சேன்.

அடுத்த பேட்ச்ல முதல் நாள்லேருந்தே குடுத்தேன், மொத்தமே 9 தான் செத்துச்சு. ஆனா தாய்க்கோழிய டெஸ்ட் பண்ற வேற குஞ்சு பண்ணைக்கும் மாறிட்டேன், அதனால முழு பேரையும் மருந்துக்கே குடுக்க மாட்டேன்.

குறைன்னா, லேபிள்ல ஒரு மில்லியில எவ்ளோ ஃபேஜ், எந்தெந்த சால்மோனெல்லாவுக்குன்னு எதுவுமே இல்ல. ஒரே ஃபேஜ்னா கிருமி சீக்கிரம் பழகிடும், அதான் நாலஞ்சு கலந்து போடுவாங்க, இதுல இன்னா கலந்திருக்காங்கன்னு நாம எப்படி தெரிஞ்சுக்கறது? ஃபிரிட்ஜ்ல வைக்கணும்னு பாட்டில்லயே போட்டிருக்கு, கடைக்காரர் வேலூர் சித்திரை வெயில்ல ரேக்குல அடுக்கி வெச்சிருந்தாரு. ரெண்டாவது வாட்டி, புதுசா வந்த பெட்டியிலேருந்து எடுக்க சொல்லி ஐஸ் டப்பாவுல எடுத்துகினு வந்தேன். 200 குஞ்சுக்காரனுக்கு அரை லிட்டர் ரொம்ப ஜாஸ்தி, 100 மில்லி பாட்டில் விட்டா நல்லாருக்கும், திறந்த மீதிய தைரியமா அடுத்த பேட்ச்சுக்கு குடுக்க முடியல, கீழ தான் ஊத்தினேன்.