வரியே வேண்டாமா, நில வரி மட்டும் போதுமா? லிபர்டேரியன் முகாமுக்குள் ஓர் ஒப்பீடு

அரசு சிறுக்க வேண்டும், சந்தைக்கு வழிவிட வேண்டும் என்பதில் லிபர்டேரியன்களுக்குள் தகராறு இல்லை. அந்தச் சிறிய அரசுக்கான காசு எங்கிருந்து வரும் என்று கேட்டதும் ஆளுக்கொரு திசையில் பிரிகிறார்கள். பொருளியலாளர் முர்ரே ராத்பார்டுக்கு வரி என்பதே திருட்டு. தத்துவவாதி ராபர்ட் நோசிக் காவல், நீதிமன்றம், ராணுவம் வரை ஒப்புக்கொள்கிறார். பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் ஒரே விகித வருமான வரியும், ஏழைகள் கையில் நேரடியாகப் பணமும் போதும் என்கிறார். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பொருளியல் எழுத்தாளர் ஹென்றி ஜார்ஜ் வழியில் வந்தவர்கள் நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி போடச் சொல்கிறார்கள். கொள்கைச் சண்டையைத் தள்ளிவைத்து, வசூல் எப்படி நடக்கும், எங்கே இடறும் என்று மட்டும் பார்ப்போம்.

வரியே இல்லாமல்

வரி இல்லையென்றால் சந்தா. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சவுத் ஃபுல்டன் நகரத் தீயணைப்புத் துறை, நகர எல்லைக்கு வெளியே இருப்பவர்களிடம் ஆண்டுக்கு 75 டாலர் சந்தா கேட்டது. 2010இல் சந்தா கட்டாத ஒருவரின் வீடு பற்றிக்கொண்டது. இப்போதே கட்டுகிறேன் என்றும் கேட்டுப் பார்த்தார், அணைக்கவில்லை. சந்தா கட்டியிருந்த பக்கத்து இடத்துக்குத் தீ தாவியபோது வண்டி வந்தது, அந்த இடத்தை மட்டும் காத்தது. அது நகராட்சித் துறைதான், தனியார் அல்ல. ஆனால் சந்தா முறையின் சிக்கல் யார் நடத்தினாலும் ஒன்றுதான்: தீப்பிடித்த பிறகு 75 டாலர் வாங்கிக்கொண்டு அணைத்தால், அடுத்த ஆண்டு எவரும் முன்கூட்டியே கட்ட மாட்டார்கள்.

இதற்கு மாற்று உண்டு. தீயை அணைத்துவிட்டு, சந்தா கட்டாதவரிடம் முழுச் செலவையும் வசூலிக்கலாம். பலன் யாருக்குப் போகிறது என்று விரல் நீட்டிச் சொல்ல முடிகிற சேவைகளில் இது நடக்கும். ராணுவத்தில் நடக்காது: எல்லையைக் காத்தால் கட்டாதவனும் சேர்ந்தே காக்கப்படுகிறான். அரசே வேண்டாம் என்ற டேவிட் ஃப்ரீட்மனே (மில்டனின் மகன்) இதைத்தான் கடினமான கணக்கு என்று ஒப்புக்கொண்டார்.

இந்த முகாம் அடிக்கடி காட்டும் உதாரணம் 930 முதல் 1262 வரையிலான ஐஸ்லாந்து. சட்டமன்றமும் நீதிமன்றமும் இருந்தன. தீர்ப்பை நிறைவேற்ற அரசன் இல்லை, போலீஸ் இல்லை. பாதிக்கப்பட்டவரே நிறைவேற்ற வேண்டும். பலம் இல்லாதவர் தன் வழக்குரிமையைப் பலசாலிக்குக் கைமாற்றலாம். பிடிக்காத தலைவரை விட்டு வேறு தலைவரிடம் போகவும் வழி இருந்தது. 1097 வாக்கில் தேவாலயத்துக்கான தசமபாகம் என்ற கட்டாய வரி வந்தது. அதில் ஒரு பங்கு, தேவாலய நிலம் வைத்திருந்த தலைவர்களிடமே தங்கியது. ஆதரவாளர் இருந்தாலும் போனாலும் வருமானம் வரும் என்றானபின் போட்டி எதற்கு? தலைமைப் பதவிகள் சில குடும்பங்களில் குவிந்தன, உள்நாட்டுப் போர் மூண்டது, கடைசியில் நார்வே அரசனுக்குக் கீழே போனார்கள். தலைவர்களுக்குக் கட்டாய வருமானம் ஒன்று அமைந்ததை வீழ்ச்சிக்கான ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் லேசான காரணமும் அல்ல.

நோசிக்கின் காவல்கார அரசு

உழைப்பின் வருமானத்துக்கு வரி போடுவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று 1974இல் எழுதியவர் நோசிக். அப்படியானால் அவர் ஏற்கும் போலீசுக்குச் சம்பளம் யார் தருவது? இதற்கு அவரிடம் தெளிவான வசூல் திட்டம் கிடையாது. தத்துவமாக வலுவானது, பட்ஜெட்டாக வெறும் தாள்.

ஃப்ரீட்மனின் எதிர்மறை வருமான வரி

ஓர் எல்லைக்கோடு வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டுக்கு 3 லட்சம். வருமானம் அதற்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ, அதில் 50 சதவீதத்தை அரசு தரும். ஒன்றும் சம்பாதிக்காதவருக்கு 1.5 லட்சம் கிடைக்கும். 1 லட்சம் சம்பாதித்தால் குறையும் 2 லட்சத்தில் பாதி வரும். கையில் 2 லட்சம் நிற்கும். வேலைக்குப் போனால் உதவி ஒரேயடியாக நிற்காது, அதுதான் நயம். இடறும் இடங்கள் இரண்டு. ஒன்று, எல்லோருடைய வருமானமும் அரசுக்குத் தெரிந்தாக வேண்டும். ரொக்கமாகக் கூலி வாங்குபவர்கள் நிறைந்த நாட்டில் இது கனவு. இரண்டு, மற்ற உதவிகளையெல்லாம் நீக்கிவிட்டு இதை வைக்கச் சொன்னார். அமெரிக்காவில் 1975இல் இதன் சாயலில் வந்த வரிச்சலுகை மற்றவற்றோடு இன்னொன்றாகத்தான் சேர்ந்தது.

ஒரே விகித வருமான வரிக்கு பால்டிக் நாடான எஸ்டோனியாவைக் காட்டுவார்கள். 1994இல் 26 சதவீதத்தில் தொடங்கியது. நிறுவனம் லாபத்தைப் பிரித்துக்கொடுக்காமல் வைத்திருந்தால் 2000 முதல் வரி இல்லை. விளம்பரத்தில் வராத வரி ஒன்றும் உண்டு: சம்பளத்தின் மேல் முதலாளி கட்டும் 33 சதவீத சமூக வரி. ஆயிரம் யூரோ சம்பளத்துக்கு அவர் கையைவிட்டுப் போவது 1,330க்கும் மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்ளும் முறையை 1943இல், உலகப் போர்ச் செலவுக்காக, அமெரிக்கா கொண்டுவர உழைத்தவர்களில் ஃப்ரீட்மனும் ஒருவர். 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்யத்தைச் சாடிய ராஜாஜிதான், 1939இல் மதுவிலக்கால் போன வருவாயை ஈடுகட்ட சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தவர். அவசரத்துக்குச் செய்த ஏற்பாடுகள் இரண்டும். அவசரம் தீர்ந்த பிறகும் அவை போகவில்லை.

நில வரி

நான்கில் என் ஓட்டு இதற்குத்தான். மில்டன் ஃப்ரீட்மனே இதை இருப்பதில் தீமை குறைந்த வரி என்றார். வருமானத்துக்கு வரி போட்டால் உழைப்பைக் குறைக்கலாம், கட்டடத்துக்குப் போட்டால் கட்டாமல் விடலாம். நிலத்தைச் சுருட்டிக்கொண்டு ஓட முடியாது. மனைக்கு மட்டும் வரி, மேலே மாடி எழுப்பினால் கூடுதல் இல்லை.

ஆனால் முதல் நாளே ஒருவருக்கு அடி விழும். ஆண்டுக்கு 5 லட்சம் வாடகை தரும் மனை, வட்டி 5 சதவீதம் என்றால் விலை 1 கோடி. அதில் 1 லட்சம் வரியாகப் போனால் மிச்சம் 4 லட்சம், விலை 80 லட்சமாக இறங்கும். நாளை வாங்குபவர் குறைந்த விலைக்கு வாங்குவதால் அவருக்குச் சுமை இல்லை. 20 லட்சமும் இன்றைய உரிமையாளர் தலையில். முழு வாடகையையும் வரியாக எடுத்தாலோ விலை பூஜ்யமாகிவிடும், பிறகு எதை வைத்து மதிப்பிடுவது என்பது ராத்பார்டின் கேள்வி. நியாயமான கேள்வி. பதில், முழுவதையும் எடுக்காதே என்பதுதான்.

நடைமுறையில் இடறுவது மதிப்பீடு. எஸ்டோனியாவில் நிலத்துக்கு மட்டும் வரி 1993 முதல் இருக்கிறது. ஆனால் 2001இல் போட்ட மதிப்பே 2022இல் மறுமதிப்பீடு நடக்கும்வரை ஓடியது. இடையில் விலை எங்கோ போய்விட்டதால், வரி திடீரென எகிறாமல் இருக்க ஆண்டு உயர்வுக்கு உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று. ஆண்டுதோறும் மதிப்பிட்டிருந்தால் இந்த ஒட்டுவேலை தேவைப்பட்டிருக்காது.

சந்தைக் கட்சிக்காரர்கள் கொண்டாடும் ஹாங்காங்கில் சரக்கு-சேவை வரி இல்லை, மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் புனித யோவான் பேராலய மனை ஒன்றைத் தவிர நிலமெல்லாம் அரசுடையது. அதைக் குத்தகைக்கு ஏலம் விட்டே கஜானாவின் கணிசமான பங்கை அரசு நிரப்பியது. ஆண்டு வாடகையைச் சிறிதாக வைத்து, ஏலத்தொகையை மொத்தமாக முதலிலேயே வாங்கியதால், மனை விலை ஏறுவதில் அரசுக்கே அக்கறை வந்துவிட்டது. வீட்டு விலை கைக்கு எட்டாமல் போனது. பின்னர் சந்தை படுத்ததும் ஏல வருமானம் சரிந்து, பட்ஜெட்டில் சில ஆண்டுகள் பற்றாக்குறை விழுந்தது. 2024இல் 50 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேலான வருமானத்துக்கு 16 சதவீத விகிதம் புதிதாக வந்தது.