சுக்கு மல்லி காபியா, இஞ்சி டீயா, மஞ்சள் பாலா: ஊட்டிக் குளிருக்கு எது தாங்கும்?

டிசம்பர் வந்துட்டா ஊட்டில காந்தல், தலைகுந்தா பக்கம் எல்லாம் உறைபனி விழுந்து காலைல புல்லு வெள்ளையா கெடக்கும். வீட்ல ஹீட்டர் இருக்கோ இல்லையோ, அடுப்படில எந்நேரமும் குடிக்க ஏதாவது சூடா இருந்தாகணும். எங்க வீட்ல இஞ்சி டீ, மஞ்சள் மிளகுப் பால், சுக்கு மல்லி காபி மூணும் மாறி மாறி ஓடி, இப்போ ஃபிளாஸ்க்ல நிரந்தரமா எடம் பிடிச்சிருக்கறது சுக்கு மல்லி காபி. நான் எந்தப் பக்கம்னு முதல்லயே சொல்லிட்டேன், சாய்வா எழுதுறான்னு பின்னாடி யாரும் சொல்லக்கூடாது பாருங்க.

ருசிக்குப் போட்டி வச்சா இஞ்சி டீதான் ஜெயிக்கும், அதுல விவாதமே இல்ல. செலவும் மூணுக்கும் பெரிய வித்தியாசம் கெடையாது. ஹாட் சாக்லேட்ட நான் சேக்கல, இந்த ஊர்ல சாக்லேட் கடைக்குப் பஞ்சமில்லதான், ஆனா அது டூரிஸ்ட் குடிக்கிறது, தெனம் ரெண்டு வேளை வச்சுக் குடிக்கிற சமாச்சாரம் இல்ல.

இஞ்சி டீல ஒரே ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும். இஞ்சிய தட்டி முதல்ல தண்ணில நல்லா கொதிக்க விட்டுட்டு அப்புறம்தான் பால் ஊத்தணும். பச்சை இஞ்சில இருக்கற என்சைம் பால திரிய வச்சிடும், கொதிச்சா அதோட வேலை அடங்கிடும். தூள் எந்தத் தூளா இருந்தாலும் பரவால்ல, ரேஷன் கடைல விக்கிற ஊட்டி டீயே இஞ்சிக்குப் போதும், இஞ்சி வாசத்துக்கு முன்னாடி ஒசத்தியான தூள் போட்டாலும் தெரியப் போறதில்ல.

மஞ்சள் பால் ராத்திரிக்கு. தொண்டை கரகரன்னு இருக்கறப்போ, வறட்டு இருமல்ல, அதுக்கு நிகர் இல்ல. மஞ்சளையும் நுணுக்கின மிளகையும் பாலோட சேத்து நாலஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டாத்தான் பச்சை வாடை போகும், மேல தூவிக் குடிச்சா மண்ணு வாசந்தான் வரும். இனிப்புக்கு பனங்கற்கண்டு. பாத்திரம், டம்ளர், அடுப்பு மேடை எல்லாம் மஞ்சளாகறத சகிச்சுக்கணும்.

இப்போ நான் முடிவெடுத்த காரணத்துக்கு வர்றேன், அது ருசியும் இல்ல மருத்துவமும் இல்ல. போட்டத வச்சுக் குடிக்க முடியுமா முடியாதாங்கறது ஒண்ணுதான். இந்தக் குளிர்ல டம்ளர்ல ஊத்தி ஒரு ஃபோன் பேசிட்டு வந்தா ஆறிப்போயிருக்கும். எங்க வீட்ல அத்தை அஞ்சு மணிக்கே எந்திரிச்சிடுவாங்க, பசங்க ஏழு மணி, நைட் டூட்டி முடிஞ்சு வர்ற ஆளு எட்டு மணிக்கு மேல. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அடுப்ப பத்த வச்சா சிலிண்டர் என்னத்துக்கு ஆகும்? டீயை ஃபிளாஸ்க்ல ஊத்தி வச்சா ஒரு மணி நேரத்துல துவர்ப்பு ஏறிடும், மறுபடி சுட வச்சா மேல ஆடை கட்டும், அடில பிடிக்கும். மஞ்சள் பாலும் அதே கதைதான். பால் கலந்தத வெதுவெதுப்பா மணிக்கணக்குல வச்சா கெட்டும் போகும், அதுக்கு மேல ஃபிளாஸ்க் மூடியோட ரப்பர்ல பால் வாடை ஏறிச்சுன்னா சோடா உப்பு போட்டு ஊற வச்சாலும் லேசுல போகாது. சுக்கு மல்லிக் கஷாயத்துல பாலே இல்லையா, வடிகட்டி ஃபிளாஸ்க்ல ஊத்திட்டா காலைல வச்சது மதியம் வரைக்கும் அப்படியே இருக்கு, ஆறிட்டா திரும்ப கொதிக்க வச்சுக்கலாம், அதுக்குக் கோவமே வராது. ஃபிளாஸ்க்க வெந்நி ஊத்தி அலசினா போதும். காபித்தூளும் சேக்கறதில்லங்கறதால ராத்திரி ஒம்பது மணிக்குக் குடிச்சாலும் தூக்கம் கெடாது.

பொடிக்கு நான் போடற அளவு: தனியா 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு ஒரு ஸ்பூன், ஏலக்காய் அஞ்சாறு. சிலர் திப்பிலி, சித்தரத்தை எல்லாம் சேக்கறாங்க, திப்பிலி நான் ரொம்பக் கொஞ்சமா சளி பிடிச்சப்போ மட்டுந்தான் போட்டிருக்கேன், அதனால அளவு சொல்லத் துணியல. சுக்குத் தோல சொரண்டி எடுக்கணும், சுக்குக்குத் தோல் நஞ்சுன்னு பெரியவங்க சொன்னது ஒருபக்கம் இருக்கட்டும், தோல் இடுக்குல ஒட்டியிருக்கற மண்ணும் சுண்ணாம்பும்தான் எனக்குக் கவலை. அப்புறம் இடிகல்லுல ஒண்ணு ரெண்டா ஒடச்சுட்டுத்தான் மிக்ஸில போடணும், முழுசா போட்டா பிளேடு போச்சு. தனியாவ வாசம் வர்ற அளவுக்கு லேசா வறுத்தா போதும், செவந்துட்டா சாம்பார் பொடி வாசம் வந்துடும். மொத்தமா நிறைய அரைக்காதீங்க, கண்ணாடி பாட்டில்ல வச்சாலும் நாளாக நாளாக மணம் போயிடும்.

பச்சை இஞ்சிய விட சுக்கு ஏன் இவ்வளவு சுருக்குன்னு தொண்டைல ஏறுதுன்னா, இஞ்சி காயறப்போ அதுல இருக்கற ஜிஞ்சரால்ங்கற காரப்பொருள் ஷோகால்ங்கற இன்னொண்ணா மாறுது, காரம் அதுக்குத்தான் ஜாஸ்தி. அதனால பச்சை இஞ்சி கணக்குல சுக்க அள்ளிப் போட்டுடாதீங்க.

மலையில இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு. ஊட்டி 2240 மீட்டர் உயரம், இங்க தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிக்க ஆரம்பிச்சிடும். கீழ எறங்கறத விட இங்க சாறு எறங்கக் கூடுதல் நேரம் கேக்கும். நான் இப்போ பொடியே போடறதில்ல பாதி நாளு, தட்டின சுக்கையும் தனியாவையும் தண்ணியோட சின்ன குக்கர்ல போட்டு ரெண்டு விசில் விட்டுடறேன், கஷாயம் தெளிவா வருது, அடில கசடு தங்கறதில்ல. பொடி போட்டுக் கொதிக்க விட்டா மெல்லிசு துணில வடிகட்டித்தான் ஃபிளாஸ்க்குக்குப் போகணும், கசடோட ஊத்தினா உள்ள ஊறி ஊறி கடைசி டம்ளர் வாயில வைக்க முடியாது.

கருப்பட்டிய கஷாயத்துலயே போட்டுடாம தனிப் பாகா காய்ச்சி வடிகட்டி ஃபிரிட்ஜ்ல வச்சுக்கறது வசதி. நல்ல கருப்பட்டிலயும் மணலும் தூசியும் இருக்கும், வடிகட்டாம விட்டா பல்லுல நறநறங்கும். அவங்கவங்க டம்ளர்ல அவங்கவங்களுக்கு வேண்டியத கலந்துக்கலாம், அத்தைக்கு சுகர் இருக்கறதால அவங்க சும்மாவே குடிக்கறாங்க. கருப்பட்டின்னா சுகர்காரங்க தாராளமா குடிக்கலாம்னு ஒரு பேச்சு சுத்துது பாருங்க, அத நம்பாதீங்க, அதுலயும் பெரும்பங்கு சர்க்கரைதான். பால் விட்டுத்தான் குடிப்பேங்கறவங்க அடுப்ப அணைச்சு எறக்கின அப்புறம் கலந்துக்கோங்க, கருப்பட்டி போட்டுப் பாலோட கொதிக்க விட்டா திரிஞ்சிடும்.

கொறையும் உண்டு. வெறும் வயித்துல குடிச்சா சிலருக்கு நெஞ்செரிச்சல் வரும், அவங்களுக்குக் காலைல இஞ்சி டீயும் உதவாது. சின்னப் பசங்க காரம்னு மூஞ்சிய சுளிக்கும், எங்க வீட்ல பசங்களுக்கு அரை டம்ளர் கஷாயத்துல பாதிக்கு வெந்நி கலந்து பாகு கூடவே ஊத்தித்தான் ஓடுது. கைக்குழந்தைக்கு இதெல்லாம் குடுக்கறதப் பத்தி நான் பேச மாட்டேன், டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

கருப்பட்டி வாங்கறப்போ மட்டும் கொஞ்சம் பாத்து வாங்குங்க, சீனி கலந்தது நிறைய வருது. நான் ஊருக்குப் போறப்போ உடன்குடி பக்கம் தெரிஞ்சவங்ககிட்ட மொத்தமா வாங்கிட்டு வந்துடுவேன். இங்க மார்க்கெட்ல வாங்கித்தான் ஆகணும்னா ஒரு வட்ட முழுசா எடுக்காம ஒரு சில்லு கேட்டு வாயில போட்டுப் பாருங்க, வெறும் இனிப்பு மட்டும் இருந்தா விட்டுடுங்க, நல்லதுல கடைசில லேசா ஒரு கரிப்பு நிக்கும்.