இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள சர்வரில் கான்ஃபிக் பேக்கப்: ஓட்டிப் பார்த்தவன் சொல்வது

ஐப்பசி மழையில் எங்கள் மன்னார்குடி கிளையில் இடி இறங்கி, கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கிற 48 போர்ட் சுவிட்ச் ஒன்று கருகிப்போனது. மாற்று சுவிட்சை மாட்டி, முந்தைய இரவு பேக்கப் சாஃப்ட்வேர் எடுத்து வைத்திருந்த கான்ஃபிக்கை, அதாவது பழைய சுவிட்சின் அமைப்புகள் அடங்கிய ஃபைலை, ஏற்றியதும், மதிய இடைவேளைக்குள் கிளை முழுக்க நெட்டுக்கு வந்துவிட்டது. இதைக் கேள்விப்பட்ட திருவாரூர் நண்பன், “அந்த பேக்கப் சாஃப்ட்வேரை நாங்களும் வாங்கலாமாடா?” என்றான். போனில் சொல்லித் தீராத கதை என்பதால் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். வருஷா வருஷம் காசு கட்டிப் புதுப்பிக்கிற வகை, அவ்வளவுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவில் ஒவ்வொரு சுவிட்சாகப் போய் கான்ஃபிக்கை எடுத்து, முந்தைய நாளோடு ஒப்பிட்டு, மாறிய வரியை மட்டும் சிவப்பிலும் பச்சையிலும் காட்டும். திருத்துறைப்பூண்டியில் வேலைக்கு வந்த ஒருவர் டிரங்க் போர்ட்டில் (பல விலேன்களை ஒன்றாகச் சுமக்கும் இணைப்பு) புது விலேன், அதாவது ஒரே சுவிட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க், சேர்க்கும்போது ‘ஆட்’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டார். சிஸ்கோ பாணி சுவிட்சில் அதை விட்டால் புதியது சேராது. அந்த போர்ட்டின் பட்டியலில் பழைய விலேன் எல்லாம் அழிந்து புதியது மட்டும் நிற்கும். அங்கே பாதி கட்டடம் ஏன் செத்துக் கிடக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையில் ரிப்போர்ட்டைத் திறந்தால் அந்த ஒரு வரி சிவப்பாக நிற்கிறது. அன்றைக்கு மட்டும் கேட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன்.

இனி, எரிச்சல்.

இந்த சாஃப்ட்வேர் ஓடுகிற எங்கள் சர்வருக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்று ஆபீஸ் பக்கம், 10.10 என்று தொடங்கும் முகவரி வரிசை; தனி வழி சொல்லாத பாக்கெட் எல்லாம் வெளியே போகிற டீஃபால்ட் கேட்வே அதில்தான். இன்னொன்று மேனேஜ்மென்ட் விலேன் பக்கம், 192.168.99 வரிசை. சுவிட்சுகளை நிர்வகிக்கிற போக்குவரத்தைத் தனியாக வைப்பது ஊரெங்கும் உள்ள வழக்கம்தான், விசேஷம் ஒன்றுமில்லை. இந்த சாஃப்ட்வேர் எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்து பூட்டிய இணைப்பில் லாகின் ஆகும் முறை) சுவிட்சுக்குள் நுழைகிறது. ஆனால் கான்ஃபிக்கைத் தானே எடுத்து வருவதில்லை. “உன் கான்ஃபிக்கை டிஎஃப்டிபியில் எனக்கு அனுப்பு” என்று (ஃபைல் அனுப்புகிற பழைய எளிய முறை அது) சுவிட்சிடம் சொல்லி, ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது. கொடுப்பது எந்த முகவரி? தானாக முதல் கார்டின் முகவரி, அதாவது 10.10. மேனேஜ்மென்ட் விலேனிலிருந்து அந்தப் பக்கம் போக ஃபயர்வால் விடாது. வாசல் ஒரு தெருவிலும் கொல்லை அடுத்த தெருவிலும் இருக்கிற தஞ்சாவூர் வீட்டில், கொல்லையில் நின்றுகொண்டு வாசல் விலாசம் கொடுத்த கதை.

இது தவறு என்றுகூடச் சொல்லமாட்டேன். ஒரு கார்டு உள்ள இடத்தில் பிரச்சினையே வராது. என் கோபம் அது காட்டுகிற செய்தியின் மேல்: ‘டைம் அவுட்’. லாகின் ஆயிற்று, கட்டளை போயிற்று, இந்த முகவரியைக் கொடுத்தேன், ஃபைல் வரவில்லை என்று நான்கு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? கோடையில் வாய்க்கால் தூர்வாருகிறேன் என்று ஜேசிபி ஃபைபரை அறுத்தாலும் அதே ‘டைம் அவுட்’தான். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முந்தைய வாரங்களில் அறுந்த ஃபைபர் எது, அசட்டு முகவரி எது என்று ரிப்போர்ட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

முகவரியை மாற்ற, செட்டிங்குகளின் அடியாழத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 192.168.99 முகவரியைப் போட்டதும் உள்ளூர் சுவிட்சுகள் சரியாகிவிட்டன. கிளைகள் ஆகவில்லை. இது சாஃப்ட்வேரின் குற்றமில்லை, சர்வரில் ஓடுகிற லினக்ஸின் கறார். கார்டில் வருகிற பாக்கெட்டைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டால் மன்னார்குடி சுவிட்சின் பாக்கெட் மேனேஜ்மென்ட் கார்டில் வந்து இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. 69ஆம் போர்ட்டில் (கம்பி மாட்டுகிற போர்ட் இல்லை, சர்வருக்குள் ஒரு கதவு எண்) காத்திருக்கும் டிஎஃப்டிபி சர்வரோ எதுவும் வரவில்லை என்கிறது. நடுவில் விழுங்குவது ஆர்பி ஃபில்டர், பாக்கெட் சரியான கார்டில்தான் வந்ததா என்று பார்க்கும் லினக்ஸின் காவல்காரன். அந்தக் கிளைக்குத் திரும்பிப் போகிற வழி டீஃபால்ட் கேட்வே உள்ள ஆபீஸ் கார்டு என்று ரூட்டிங் டேபிள் சொல்வதால், வேறு கார்டில் வந்த பாக்கெட்டைச் சத்தமில்லாமல் போட்டுவிடுகிறது. அந்த ஃபில்டரின் மதிப்பு 1 என்றால் இந்தக் கறார், 2 என்றால் தளர்வு. 2 ஆக்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பதில் அப்போதும் ஆபீஸ் கார்டு வழியே, 10.10 முகவரியோடுதான் கிளம்பும். கேட்டது ஒருவரிடம், பதில் சொல்வது வேறொருவர் என்று சுவிட்ச் அதை ஒதுக்கிவிடும். கிளைகளின் மேனேஜ்மென்ட் வரிசைகளுக்கு மேனேஜ்மென்ட் பக்கத்துக் கேட்வேயான 192.168.99.1 வழியாக நிரந்தரமான ஸ்டேடிக் ரூட், அதாவது கையால் எழுதிய வழி, போடுவதுதான் மருந்து. வருகிற வழியும் போகிற வழியும் ஒன்றானதும் இரண்டு நோயும் போய்விடுகிறது.

அப்புறம் எதற்கு இன்னும் புலம்பல் என்றால், பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் அந்த முகவரிக் கட்டம் ‘ஆட்டோ’வுக்குத் திரும்பிவிடுகிறது. மன்னார்குடியில் புது சுவிட்ச் வைத்த அன்று பகலில் அப்டேட் ஏறியிருந்தது. இரவு வந்த ரிப்போர்ட்டில் எல்லாக் கிளைகளுக்கும் ‘டைம் அவுட்’. பகலில் அதைப் புகழ்ந்த வாய், இரவு என்ன சொல்லியிருக்கும் என்று எழுத வேண்டாம்.

இதே பேக்கப் வேலைக்கு ஆக்சிடைஸ்ட் என்று ஓப்பன் சோர்ஸில் ஒன்று இருக்கிறது. எஸ்எஸ்எச்சில் நுழைந்து, திரையில் ஓடுகிற கான்ஃபிக்கை அதே இணைப்பிலேயே வாங்கி, ஃபைலின் ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைக்கிற கிட்டில் சேர்த்துவிடும். சுவிட்ச் நம்மைத் தேடி வர வேண்டிய வேலையே இல்லை, முகவரிக் குழப்பமும் இல்லை. பாஸ்வேர்ட் உள்ள கான்ஃபிக்கை டிஎஃப்டிபியில் பூட்டில்லாமல் அனுப்புகிற சங்கடமும் இல்லை. ஆனால் கான்ஃபிக்கைத் திரும்ப சுவிட்சில் ஏற்றுவது அதன் வேலை இல்லை. ஃபைலை எடுத்து நாமே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஆகவே இரண்டு கார்டு சர்வர் வைத்திருப்பவர்கள் இந்தக் காசு சாஃப்ட்வேரை வாங்காதீர்கள். நாங்களோ புதுப்பிக்கிறோம், குறிப்பு எழுதி மேலே அனுப்பியாயிற்று. கருகிய சுவிட்சுக்குப் பதில் வைத்ததில் ஒரே பட்டனில் கான்ஃபிக் ஏறியதைப் பார்த்த எங்கள் பிரின்சிபால் வேறு எதையும் கேட்கத் தயாராக இல்லை. உண்மையைச் சொன்னால், நானும்தான்.