பாட வீடியோவுக்குத் திரைப்பதிவு: ஓபிஎஸ்ஸா, காம்டேசியாவா, லூமா?

எக்செல் பாடம் ஒன்றைக் கணினியில் பதிவு செய்து, அதைக் கைபேசியில் ஓட்டிப் பாருங்கள். கர்சர் எறும்பு மாதிரி ஊரும். எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்றே தெரியாது. கைபேசியில் பார்த்துப் படிப்பவருக்கு அது புரிய வேண்டும். திரைப்பதிவு மென்பொருளை நான் முதலில் இதை வைத்துத்தான் எடைபோடுவேன்.

ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நேர வரம்பு இல்லை, வாட்டர்மார்க் இல்லை. நம் குரலையும் கணினி ஒலியையும் தனித்தனித் தடங்களில் பதியலாம். எம்கேவி என்ற கோப்பு வடிவில் பதிந்தால், நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பேசியது பிழைக்கும். சாதாரண எம்பி4 என்றால் கோப்பே திறக்காமல் போகலாம். ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசியவருக்குத்தான் இதன் அருமை தெரியும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் செய்தால், அதாவது கோப்பு வடிவை மட்டும் மாற்றினால், தரம் குறையாமல் எம்பி4 கிடைத்துவிடும்.

குறை என்னவென்றால், எடிட்டர் கிடையாது. கர்சரும் படத்தோடு ஒட்டிப் பதிவாகிவிடும், அதை மட்டும் பின்னால் பெரிதாக்க முடியாது. ஆகவே பதிவுக்கு முன்பே விண்டோஸ் செட்டிங்ஸில் கர்சரைப் பெரிதாக்கி, எழுத்தும் பட்டன்களும் பெரிதாகத் தெரிய ஸ்கேலை 150 சதவீதத்துக்கு ஏற்றிவிடுங்கள். வெட்டி ஒட்ட கேடன்லைவ் என்ற எடிட்டர் போதும், அதுவும் இலவசம்.

டெக்ஸ்மித் நிறுவனத்தின் காம்டேசியா இந்த இடத்தில்தான் தனித்து நிற்கிறது. கர்சரின் அசைவைப் படத்திலிருந்து பிரித்துச் சேமிக்கிறது. அதனால் பதிவு முடிந்த பிறகும் கர்சரைப் பெரிதாக்கலாம், கிளிக்குக்கு வளையம் போடலாம், ஒரு மூலையை ஜூம் செய்யலாம். பாடம் நடத்துபவரின் வேலை தெரிந்து செய்த மென்பொருள் இது. ஆனால் காசு கொடுக்க வேண்டும், லினக்ஸுக்குக் கிடையாது.

2023இல் அட்லாசியன் நிறுவனம் வாங்கிய லூம், பதிவை நிறுத்தியதுமே வீடியோவைப் பகிர லிங்க் தந்துவிடும். இலவசத் திட்டத்தில் ஒரு வீடியோவுக்கு 5 நிமிடம்தான். மாணவர் கேட்ட ஒரு சந்தேகத்துக்குப் பதில் சொல்ல அருமை. முழுப் பாடத்துக்கு ஆகாது.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஓபிஎஸ்ஸும் கேடன்லைவும் என்பதே என் முடிவு. வாரம் நான்கைந்து பாடம் போட்டு, ஜூம் வைப்பதிலேயே இரவெல்லாம் கழிகிறது என்றால் காம்டேசியாவுக்குக் காசு கொடுங்கள். அதற்கு முன் சோதனைப் பதிப்பில் ஒரு பாடத்தை முழுசாக முடித்து, கைபேசியில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.