டெஸ்ட்ஸ்டாண்டில் சீக்குவென்ஸ்களுக்கிடையே தரவைக் கடத்துதல்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கிளிநொச்சி அறிவியல் நகருக்கு அருகிலுள்ள எங்கள் சிறிய வேலைத்தலத்தில், சூரிய மின்சக்தியில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டுப் பலகைகளைச் சோதித்து அனுப்புகிறோம். அந்தச் சோதனைகளை நடத்துவதற்கு நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டெஸ்ட்ஸ்டாண்ட் மென்பொருளை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அளவீடு எடுப்பதில் அது என்னை ஒருநாளும் கைவிடவில்லை. ஒரு சீக்குவென்ஸில், அதாவது வரிசையாக ஓடும் சோதனைப் படிகளின் தொகுதியில், கிடைத்த மதிப்பை இன்னொன்றுக்கு எப்படிக் கொண்டுசெல்வது என்பதில்தான் அதிகம் தவறினேன், அதிகம் கற்றேன்.

வழிகள் பல உள்ளன. லோக்கல்ஸ் எனும் மாறிகள் (மதிப்பை வைத்திருக்கும் பெயரிட்ட இடங்கள்) தம் சீக்குவென்ஸுக்குள் மட்டும் வாழும். ஃபைல் குளோபல்ஸை அதே கோப்பிலுள்ள எல்லாச் சீக்குவென்ஸ்களும் காணும். ஸ்டேஷன் குளோபல்ஸ் அந்தக் கணினியில் இயங்கும் எல்லாவற்றுக்கும் பொதுவானவை என்பதுடன், மென்பொருளை மூடித் திறந்தாலும் அழியாதவை. பராமீற்றர் என்பது அழைக்கும் சீக்குவென்ஸ் அழைக்கப்படுவதன் கையில் நேரடியாகக் கொடுப்பது.

தொடக்கத்தில் எல்லாவற்றையும் ஸ்டேஷன் குளோபல்ஸிலேயே போட்டேன். ஒரேயொரு சோதனை மேசை இருந்த காலத்தில் அதனால் எந்தத் தொல்லையும் வரவில்லை. இரண்டாவது மேசையை அமைத்து, பலகைகளைச் சமாந்தரமாகச் சோதிக்கத் தொடங்கிய பிறகே சிக்கல் வெளிப்பட்டது. முதல் மேசையில் பார்கோட் வாசிப்பான் தொடரிலக்கத்தை எழுதிய சில விநாடிகளில் இரண்டாவது மேசையின் வாசிப்பான் அதே மாறியில் தன் இலக்கத்தை எழுதிவிட, இரண்டு அறிக்கைகளும் ஒரே இலக்கத்துடன் வெளிவந்தன: ஒன்றில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஆளி) தோல்வி, மற்றதில் எல்லாம் சரி. பிந்திய அறிக்கையை நம்பி, தோற்ற பலகையையும் பொதிசெய்து அனுப்பிவிட்டோம். விசுவமடுவில் கச்சான் செய்கை பண்ணும் ஐயா ஒருவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது ரிலேயின் சுருளுக்கு மின் வந்தும் அதன் தொடுமுனை மூடவே இல்லை. நல்ல வெயிலில் நான்கு நாள் இறைப்பு நின்றுபோனதாக அவர் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை.

அந்த மாறிக்குப் பூட்டுப் போட்டு ஒருவர் பின் ஒருவராக எழுதவைக்கலாமே என்று சிலர் யோசனை கூறினர். ஆனால் பூட்டு நீங்கியதும் அடுத்த மேசை எழுதத்தான் போகிறது. இரண்டு பலகைகளின் இலக்கத்துக்கு ஒரே மாறியை வைத்திருந்ததே பிழை. டெஸ்ட்ஸ்டாண்டின் சமாந்தர மாதிரியில் (பல பலகைகளை ஒரே நேரத்தில் சோதிக்கும் அமைப்பில்) ஒவ்வொரு மேசையும் தனித்தனி எக்ஸிகியூஷனாக, அதாவது தனி ஓட்டமாக, ஓடுகிறது. சோதிக்கப்படும் பொருளின் விபரமும் ஒவ்வொன்றுக்கும் தனியாகவே இருக்கிறது. எனவே இப்போது, ஒவ்வொரு பலகையின் சோதனைக்கும் முன் ஓடும் பிரீயூயூடி கோல்பேக் என்ற சீக்குவென்ஸில் தொடரிலக்கத்தை அந்த விபரத்திலேயே பதிந்து, தேவைப்படும் கீழ்ச் சீக்குவென்ஸ்களுக்குப் பராமீற்றராகக் கொடுக்கிறேன்.

பராமீற்றரிலும் கவனம் வேண்டும். உசாத்துணையாக, அதாவது பிரதியைக் கொடுக்காமல் மூல மாறியையே சுட்டிக் கொடுத்தால், கீழே நடக்கும் மாற்றம் மேலே உள்ள மாறியையே மாற்றும். அளவீட்டைத் திரும்பப் பெற அது வேண்டும். எல்லை மதிப்புகளை மட்டும் அனுப்பும்போது மதிப்பின் பிரதியைக் கொடுப்பதே பாதுகாப்பு. இன்னொன்று, அழைக்கும் படியில் ஒவ்வொரு பராமீற்றருக்கும் பக்கத்தில் இருக்கும் 'டிஃபோல்ட்' என்ற சிறு பெட்டி. அதில் சரி அடையாளம் தங்கிவிட்டால், நாம் அனுப்ப நினைத்த மதிப்பு போகாது, எந்த எச்சரிக்கையும் வராது. குறைந்தபட்ச வோல்டேஜ் எல்லை அவ்வாறு பூச்சியமாகவே சென்று, மூன்று நாட்களுக்கு எந்தப் பலகையும் தோற்கவில்லை. அன்றிலிருந்து அத்தகைய கீழ் எல்லைகளின் இயல்பு மதிப்பை 9999 என வைக்கிறேன்; மறந்தால் முதற்பலகையே தோற்று உண்மையைச் சொல்லிவிடும்.

சீக்குவென்ஸைப் புதிய திரெட்டில் (இணையாக ஓடும் தனி இழையில்) அழைத்தால், அது எழுதி முடிக்குமுன் மேலுள்ளது அடுத்த படிக்குச் சென்றுவிடும். ஆகவே அது முடியும்வரை காத்திருக்கும் வெயிட் படி கட்டாயம்.

ஸ்டேஷன் குளோபல்ஸில் இன்று எஞ்சியிருப்பவை கணினியின் இலக்கமும் மின்னளவியின் திருத்தக் காரணியும் மட்டுமே. அந்தக் காரணியை மாற்றியவுடன் வட்டில் எழுதச் செய்கிறோம்; இங்கு மின்சாரம் சொல்லிவிட்டுப் போவதில்லை.