நிப்பா என்று தட்டினால் பனைமரமும் வரும்: ஆய்வுத் தேடல் தளங்கள், ஒரு மதிப்பீடு

கூகுள் ஸ்காலரில் நிப்பா என்ற ஒற்றைச் சொல்லை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். வைரஸ் வரும், வௌவால் வரும், கூடவே சதுப்பு நிலத்து நிப்பா பனையும் அதன் சாற்றில் காய்ச்சிய சர்க்கரையும் வரும். ஏதோ ஒரு கொரோனா கட்டுரையின் மூன்றாம் பத்தியில் போகிற போக்கில் நிப்பாவின் பெயர் இருந்தால் அதுவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அறிவியல், மருத்துவம், வணிகம் எல்லாம் எங்களிடம் உண்டு என்று சொல்லாத தேடல் தளம் இல்லை. அந்தப் பேச்சு எவ்வளவு உண்மை என்று உரசிப் பார்க்க நிப்பாவைவிட நல்ல கல் மலேசியாவில் கிடைக்காது.

காரணம் இருக்கிறது. 1998 செப்டம்பரில் பேராக்கின் கிந்தா பகுதியில் தொடங்கி, 1999-இல் நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகளைப் புரட்டிப்போட்ட நோய் அது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கும் நோய் பரவி, அங்கே மலேசியப் பன்றி இறக்குமதி நின்றது. வைரஸைப் பிரித்தெடுத்தது கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரே வைரஸுக்கு வந்தது. ஆக, ஒரே தலைப்பில் வைரஸியல், நரம்பியல், பண்ணைப் பொருளாதாரம் மூன்றும் கிடக்கின்றன. மூன்றையும் எந்தத் தளம் கொண்டுவருகிறது?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மருத்துவத்துக்குப் பப்மெட். துறை தாண்டிய பரப்புக்கு ஸ்கோப்பஸ். விட்டுப்போனதைப் பிடிக்க ஸ்காலர். வணிகத்துக்கு இந்த மூன்றும் சேர்ந்தாலும் போதாது. முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களில் பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு ஸ்காலரில் தொடங்கி ஸ்காலரிலேயே முடிக்கிறார்கள். சிக்கல் அங்கேதான்.

ஸ்காலர் 2004 நவம்பரில் வந்தது. இலவசம், வேகம், கைப்பேசியிலும் ஓடும். அது தேடுவது தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டுமல்ல, முழுக் கட்டுரையையும். பலமும் பலவீனமும் அதுவே. மேலே 'ஏறத்தாழ இத்தனை ஆயிரம் முடிவுகள்' என்று காட்டும், ஆனால் எந்தத் தேடலுக்கும் முதல் 1,000-க்கு மேல் பார்க்க விடாது. தேடல் வரி 256 எழுத்தைத் தாண்டக் கூடாது. மருத்துவத்தில் முறைசார் ஆய்வுக்கு (ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளை எல்லாம் முறைப்படி திரட்டுவதற்கு) எழுதும் தேடல் வரி சாதாரணமாகவே இதைப்போல் சில மடங்கு நீளும். ஒரு சொல்லின் எல்லா வால்களையும் பிடிக்க, அதன் வேர்ப்பகுதியை அடுத்து நட்சத்திரக் குறி போடும் வித்தையும் இங்கே செல்லாது. தேதிப்படி வரிசைப்படுத்தினால் கடந்த ஓராண்டில் சேர்ந்தவை மட்டுமே தெரியும். இது தெரியாமல் 'பழைய ஆய்வே இல்லை' என்று எழுதினால் தேர்வாளர் சிரிப்பார்.

பனைமரத்தை விரட்ட இரண்டு வழி உண்டு. இன்டைட்டில் கட்டளை போட்டு நிப்பாவைத் தலைப்பில் மட்டும் தேடலாம். அல்லது சொல்லுக்கு முன் இடைவெளியில்லாமல் கழித்தல் குறி போட்டு, பனைக்குரிய ஆங்கிலச் சொல்லையும் நைப்பா என்ற அதன் பேரினப் பெயரையும் விலக்கலாம். முதல் வழி மேல். இரண்டாவதில், வௌவால் ஈச்சம்பனைச் சாற்றில் வாய் வைத்து வைரஸ் பரவுவதைச் சொல்லும் பங்களாதேஷ் கட்டுரைகளும் பனையோடு சேர்ந்து போய்விடும். அவைதான் முக்கியமானவை!

ஸ்காலரின் உண்மையான மதிப்பு 'சைட்டெட் பை' என்ற சிறிய இணைப்பில் இருக்கிறது. 1999-இல் லான்செட்டிலும் 2000-இல் சயன்ஸிலும் மலாயாப் பல்கலைக்கழகக் குழுவினர் வெளியிட்ட மூலக் கட்டுரைகளில் ஒன்றைத் திறந்து அந்த இணைப்பை அழுத்துங்கள். வரும் பக்கத்தின் மேலே, மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேடு என்று ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்துவிட்டுப் பன்றி, பொருளாதாரம் என்ற சொற்களை ஆங்கிலத்தில் இடுங்கள். வேறு தளங்கள் எட்டிப் பார்க்காத அறிக்கைகள், ஆய்வேடுகள், நூல் இயல்கள் இப்படித்தான் வெளியே வரும். முடிவுகளை மொத்தமாக எடுக்க ஸ்காலரில் நேரடி வழி இல்லை. பப்ளிஷ் ஆர் பெரிஷ் என்ற இலவச மென்பொருள் எடுத்துத் தரும். ஆனால் அந்த 1,000 என்ற வேலியை அதுவும் தாண்டாது, வேகமாக ஓட்டினால் நீங்கள் மனிதர்தானா என்று கூகுள் கேட்க ஆரம்பிக்கும்.

பப்மெட் வேறு ரகம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1996 முதல் நடத்துவது, காசு கிடையாது. இன்று 37 மில்லியனுக்கும் மேற்பட்ட பதிவுகள். அதன் முதுகெலும்பு மெஷ் என்ற சொல்தொகுதி. கட்டுரை ஆசிரியர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், பொருளைப் பார்த்து ஒரே குறிச்சொல்லின் கீழ் அடுக்கிவிடுவார்கள். நிப்பா விஷயத்தில் இது உயிர் காக்கும். முதலில் இதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். பிறகு 1999-இன் முதல் அறிவிப்புகளில் 'ஹென்ட்ரா போன்ற வைரஸ்' என்றார்கள். நிப்பா என்ற பெயர் அதற்குப் பின்னர் நிலைத்தது. நிப்பா என்ற சொல்லை மட்டும் நம்பித் தேடுபவர் நோய் வெடித்த மாதங்களின் அறிவிப்புகளையே கோட்டைவிடுவார்.

மெஷ் இருக்கிறதே என்று அதை மட்டும் பிடித்துத் தொங்குவதும் தவறு. பப்மெட்டின் மையத் தொகுப்பான மெட்லைனில் சேராத இதழ்களின் கட்டுரைகளும் பப்மெட்டில் உண்டு, அவற்றுக்கு மெஷ் குறிச்சொல் இருக்காது. ஆகவே மெஷ் சொல் ஒரு பக்கம், தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடும் டி-ஐ-ஏ-பி குறி போட்ட சொற்கள் மறு பக்கம், நடுவில் ஆர் ('அல்லது') என்ற கட்டளை. இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டபின் அடுத்த கருத்தை ஆண்ட் ('மற்றும்') போட்டு இணைக்க வேண்டும். அடைப்புக்குறியில் கஞ்சத்தனம் வேண்டாம். பப்மெட் இடமிருந்து வலமாகக் கணக்கிடுகிறது, வெப் ஆஃப் சயன்ஸ் என்ற இன்னொரு தளமோ ஆண்ட் கட்டளையை முதலில் முடித்துவிட்டு ஆர் கட்டளைக்கு வருகிறது. அடைப்பில்லாத ஒரே வரி இரண்டு தளத்தில் இரண்டு எண்ணிக்கை தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பொறி நட்சத்திரக் குறி. பப்மெட்டில் அதற்கு முன் குறைந்தது நான்கு எழுத்து வேண்டும். போட்டவுடன் அந்தச் சொல்லுக்கு மெஷ் பொருத்தம் தானாக நடக்காது. அட்வான்ஸ்டு பக்கத்தில் தேடல் வரலாற்றின் டீட்டெய்ல்ஸ் அம்புக்குறியைத் திறந்து, தட்டியதைத் தளம் எப்படிப் புரிந்துகொண்டது என்று பார்க்காமல் எண்ணிக்கையை ஆய்வேட்டில் எழுதக் கூடாது.

பப்மெட் பன்றியின் மூளைக்காய்ச்சலைச் சொல்லும். பண்ணைக்காரரின் கடனைச் சொல்லாது. அங்கே ஸ்கோப்பஸ் வேண்டும். எல்சிவியர் 2004-இல் தொடங்கிய சந்தாத் தளம், தனி ஆளாக வாங்கும் சரக்கல்ல. பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளம் வழியாக மாணவர் எண்ணைக் கொடுத்து நுழைய வேண்டும். நேராக முகவரியைத் தட்டிப் போனால் முன்னோட்டப் பக்கம்தான் கிடைக்கும், அதைப் பார்த்துவிட்டு 'நம் நூலகத்தில் ஸ்கோப்பஸ் இல்லை' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. மெட்லைன் இதழ்கள் இதற்குள் அடக்கம். அவற்றோடு பொறியியல், வேளாண்மை, மேலாண்மையும் ஒரே வலையில் விழும். தலைப்பு, சுருக்கம், திறவுச்சொல் என்று மட்டும் தேடுவதால் பனைமரத் தொல்லை குறைவு. பன்றிக்கும் இழப்புக்கும் இடையே இத்தனை சொல்லுக்கு மேல் இருக்கக் கூடாது என்று டபிள்யூ, சாய்கோடு, எண் போட்டுக் கட்டளையிடலாம். இரட்டை மேற்கோள் குறி இங்கே தளர்வாக வேலை செய்யும். எழுத்து பிசகாத தொடர் வேண்டுமென்றால் நெளிவு அடைப்புக்குறி போட வேண்டும்.

ஸ்கோப்பஸில் நம்மவர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. ரவி த/பெ கிருஷ்ணன் என்பவர் மலேசிய அடையாள அட்டைப்படி ஏ/எல் போட்டு எழுதுகிறார் என்று வையுங்கள். தளம் குடும்பப் பெயரைத் தேடும். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. ஒரு கட்டுரையில் கிருஷ்ணன் ஆர், இன்னொன்றில் ரவி கே, மூன்றாவதில் ஏ/எல் என்பதே குடும்பப் பெயராகி, ஒரே ஆள் மூன்று ஆசிரியர் எண்ணோடு நிற்பார். மேற்கோள் எண்ணிக்கையும் மூன்றாகச் சிதறும். முதல் கட்டுரைக்கு முன்பே, ஆய்வாளருக்குத் தனி அடையாளம் தரும் ஓர்க்கிட்டில் 16 இலக்க எண் வாங்கி, ஒரே எழுத்துக்கூட்டலில் நிலைத்திருப்பது நல்லது. ஏற்கெனவே சிதறியிருந்தால் ஸ்கோப்பஸின் ஆசிரியர் திருத்தப் படிவத்தில் எண்களை ஒன்றாக்கக் கேட்கலாம், கட்டணமில்லை. பிறருடைய ஆய்வைத் தேடும்போதும் பெயரின் இரு பாதியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

வெப் ஆஃப் சயன்ஸ் பழைய வீட்டுப் பெரியவர். 1964-இல் யூஜீன் கார்ஃபீல்டு தொடங்கிய மேற்கோள் அட்டவணையின் வாரிசு. சேர்க்கும் இதழ்களில் கண்டிப்பு அதிகம், பரப்பு ஸ்கோப்பஸைவிடக் குறைவு. நூலகம் எந்த அட்டவணைகளை, எந்த ஆண்டு முதல் வாங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே தேடல் கோலாலம்பூரில் ஓர் எண்ணும் பினாங்கில் வேறு எண்ணும் தரலாம். ஆய்வேட்டில் 'வெப் ஆஃப் சயன்ஸில் தேடினேன்' என்று மட்டும் எழுதினால் அதைத் திரும்பச் செய்து பார்க்க எவராலும் முடியாது.

இனி வணிகம். இங்கே எல்லாருமே தடுமாறுகிறார்கள். மெஷ் போலத் துறை முழுதுக்கும் பொதுவான ஒரு சொல்தொகுதி மேலாண்மையில் இல்லை. பன்றிகளை அழித்ததைக் குறிக்க ஆங்கிலத்தில் குறைந்தது மூன்று சொல் புழக்கத்தில் உண்டு, மலாய் அறிக்கைகளில் வேறு சொல். பொருளியலுக்கு, கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் ஜெல் குறியீடுகள் இருக்கின்றன. பண்ணை நிறுவனங்களுக்கு க்யூ12, வேளாண் சந்தைக்கு க்யூ13. இவற்றை ஸ்கோப்பஸில் போட்டால் பெரிதாகப் பயனில்லை, பொருளியல் தளங்களான எக்கான்லிட்டிலும் ரெபெக்கிலும்தான் வேலை செய்யும். ரெபெக் இலவசம். அங்கேயும் எஸ்எஸ்ஆர்என்னிலும் கிடைப்பதில் பெரும்பகுதி இதழில் வருமுன் வெளியிட்ட வரைவுகள். இதழில் வரும்போது தலைப்பும் மாறும், சில நேரம் முடிவும் மாறும். இரண்டையும் தனித்தனி ஆய்வாக எண்ணிவிடுவது வணிகத் துறை ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை. ஆசிரியர் பெயரையும் தரவு ஆண்டையும் ஒப்பிட்டால் பிடிபடும், கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணை ஒப்பிட்டால் பிடிபடாது, ஏனென்றால் வரைவுக்கு வேறு எண்ணோ எண்ணே இல்லாமலோ இருக்கும். உள்நாட்டு இதழ்களுக்கு, மலேசிய மேற்கோள் அட்டவணையான மைசைட் ஒரு சுற்றுப் பார்க்கத் தகும்.

தமிழாய்வு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ் எழுத்தில் தட்டினால் ஸ்காலர் கொஞ்சம் கொடுக்கும், ஆனால் ஆய்வு, ஆய்வின், ஆய்வுகளில் எல்லாம் அதற்கு வெவ்வேறு சொல். வேற்றுமை உருபுகளோடு தனித்தனியே தட்டித்தான் ஆக வேண்டும்.

தேடிய பிறகு சேர்த்து வைக்க சொட்டேரோ என்ற இலவச மென்பொருள் போதும். இலவச இடம் 300 மெகாபைட், கட்டுரைக் கோப்புகளைக் கணினியிலேயே வைத்துக்கொண்டால் அது நிரம்பாது. இதழே பின்னர் மீளப் பெற்றுக்கொண்ட கட்டுரை உங்கள் சொட்டேரோ தொகுப்பில் இருந்தால் சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும். ஸ்காலரை நம்பி இந்த எச்சரிக்கைக்குக் காத்திருக்காதீர்கள்.

கடைசியாக, புலனத்தில் வரும் 'ஸ்கோப்பஸ் இதழில் இரண்டே வாரத்தில் வெளியீடு' செய்திகள். பணம் கட்டுமுன் ஸ்கோப்பஸின் சோர்சஸ் பக்கத்தில் இதழுக்குரிய ஐஎஸ்எஸ்என் எண்ணைக் கொண்டு தேடுங்கள், சந்தா தேவையில்லை. பெயரை மட்டும் கொண்டு தேட வேண்டாம், நல்ல இதழின் பெயரையும் சில நேரம் எண்ணையுமே திருடிப் போலித் தளம் நடத்துபவர்கள் உண்டு, ஆகவே அங்கே காட்டும் பதிப்பகத்தையும் ஒப்பிடுங்கள். இதழின் பெயர் இருக்கிறது என்றதும் மூடிவிடாமல் ஆண்டு வரம்பைப் பாருங்கள். சேர்ப்பது நிறுத்தப்பட்டது என்று எழுதியிருந்தால், அதன் பிறகு வரும் உங்கள் கட்டுரை ஸ்கோப்பஸில் ஏறாது. மேற்பார்வையாளர் 'க்யூ2 வேண்டும்' (தரவரிசையின் நான்கு காற்பகுதிகளில் இரண்டாவது) என்றால், வெப் ஆஃப் சயன்ஸ் கணக்கா, ஸ்கோப்பஸ் தரவில் போடும் சிமாகோ கணக்கா என்று அன்றே கேட்டுவிடுங்கள். ஒரே இதழ் ஒன்றில் இரண்டாம் காற்பகுதியிலும் மற்றதில் மூன்றாம் காற்பகுதியிலும் நிற்கலாம்.