பந்தா, கயிறா, மோப்பமா? எங்கள் செவலைக்கு ஒத்துப்போனது

எங்கள் வீட்டில் இருப்பது தெருவில் பிறந்த நாட்டு நாய். பெயர் செவலை, வரும் ஆடியில் நாலு வயசு முடிகிறது. குட்டியாக வந்த நாளிலிருந்து அவளோடு என்ன விளையாடுவது என்று மூன்றை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டோம்: பந்து வீசுவது, கயிறு இழுப்பது, ஒளித்துவைத்த தீனியை மோந்து கண்டுபிடிக்க விடுவது. இப்போது மூன்றாவதில்தான் நிற்கிறோம், இனி மாற்றுகிற எண்ணமும் இல்லை.

பந்து எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுட்ட பறவையைக் கவ்விக்கொண்டு வந்து தருவதற்கென்றே வளர்த்தெடுத்த லாப்ரடார் மாதிரி இனத்துக்கு அது ரத்தத்திலேயே இருக்கிறது. சித்தப்பா வீட்டு லாப்ரடார் பந்தைக் காலடியில் போட்டுவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்க்கும். செவலையோ துரத்துவாள், கவ்வுவாள், அப்புறம் செம்பருத்திச் செடிக்குப் பின்னால் கொண்டுபோய்ப் படுத்துவிடுவாள். பிஸ்கட் காட்டிப் பழக்கியதில் கொண்டுவரவும் கற்றுக்கொண்டாள். ஆனால் சித்திரை வைகாசி வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் இதை நினைக்கவே கூடாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும், பந்து வெறியில் இருக்கிற நாய் தானாகவும் நிற்காது.

கயிறு இழுப்பதைப் பற்றி ஒரே ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஜெயிக்கவிட்டால் நாய் தலைக்கு மேல் ஏறிவிடும் என்பார்கள். 14 கோல்டன் ரெட்ரீவர்களை வைத்து இதைச் சோதித்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது, ஜெயித்த நாய் எதுவும் அதிகாரம் பண்ணத் தொடங்கவில்லை. 'விடு' என்றால் விடப் பழக்கிவிட்டுத் தாராளமாக விளையாடலாம், பல் விழுந்து முளைக்கிற வயசுக் குட்டியிடம் மட்டும் பலமாக இழுக்க வேண்டாம்.

சரி, மோப்பத்துக்கு வருவோம். தேவையானது மூன்று கொட்டாங்கச்சி, உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரல், சுண்டுவிரல் நக அளவுத் துண்டுகளாக. முதல் நாள் அவள் பார்க்கும்போதே ஒன்றின் அடியில் வைத்துக் கவிழ்த்தேன், காலால் தட்டி எடுத்துவிட்டாள். நாலாம் நாள் அவளை அறைக்குள் விட்டுவிட்டு வைத்தேன். இப்போது மொட்டை மாடி முழுக்க, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், துளசி மாடத்துக்குக் கீழே, சுருட்டிய பழைய லுங்கிக்குள் என்று எங்கே வைத்தாலும் தேடுகிறாள். காற்று வருகிற பக்கம் திரும்புவாள், மூக்கு தரையோடு ஒட்டிப் போகும், ஓரிடத்தில் சட்டென்று கழுத்து மடங்கும், மூச்சுச் சத்தம் குறுகி வேகமாகும். கிடைத்துவிட்டது என்று நமக்கு அதிலேயே தெரிந்துவிடும். கை காட்டி உதவக் கூடாது, அவளே எடுக்கட்டும். வைக்கிற ஈரலை அன்றைய சாப்பாட்டில் கழித்துக்கொண்டால் எடையும் ஏறாது.

என்னை முடிவெடுக்க வைத்தது விளையாட்டு அல்ல, விளையாட்டு முடிந்த பிறகு வருகிற அரை மணி நேரம். இருபது நிமிடம் பந்து போட்ட நாட்களில் வீட்டுக்குள் வந்தும் அவள் அடங்க மாட்டாள், கேட்டுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பாள், தெருவில் சைக்கிள் போனால் குரைப்பாள், பந்து வைத்த அலமாரியை அண்ணாந்து பார்ப்பாள். அந்த நேரத்தில் அவள் கண்ணில் நான் இல்லை, பந்துதான் இருந்தது. கயிறு இழுத்த நாட்களில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பத்து நிமிடம் தேடிய நாளில் தண்ணீர் குடித்துவிட்டு நேரே என் காலருகே வந்து, பாதத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்கிவிடுகிறாள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, எட்டு மாதமாக இப்படித்தான். தினமும் மோப்ப விளையாட்டு விளையாடிய நாய்கள், உணவு இருக்குமா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி இரண்டே வாரத்தில் முன்பைவிட விரைந்து போயின, காலோடு ஒட்டி நடக்கப் பழகியவற்றில் அந்த மாற்றம் இல்லை என்று 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. தீனி இருக்கும் என்று நம்பிப் போகிற தெம்பு அது, செவலையிடம் நான் பார்ப்பதும் அதைத்தான். முன்பெல்லாம் புது ஆள் வந்தால் கட்டிலுக்கடியில் ஒளிவாள், இப்போது எட்டிப் பார்க்கிறாள், மோந்து பார்க்கிறாள், அப்புறம் திரும்பி என்னைப் பார்க்கிறாள்.

இதெல்லாம் ஒரே ஒரு நாட்டு நாயை வளர்த்த அனுபவம். சிப்பிப்பாறை, கன்னி மாதிரிக் கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை நாய்களை நான் வளர்த்ததில்லை, அவற்றுக்கு ஓட இடம் கொடுக்காமல் கொட்டாங்கச்சி மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். லாப்ரடார் வைத்திருப்பவர்கள் பந்தையும் விட வேண்டியதில்லை, முதலில் பந்து, கடைசிப் பத்து நிமிடம் மோப்பம் என்று வைத்துப் பாருங்கள். சித்தப்பா வீட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள், இரவு ஒன்பது மணிக்குக் கேட்டருகே நின்று குரைப்பது குறைந்திருக்கிறது என்று சித்தி சொல்கிறார்.